பைபிளில் இருக்கிறதா, பாட்டி சொன்னதா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரே எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், நாலு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தால், பெரும்பாலும் நாலும் நாலு விதமாக இருக்கும். ஒரு வீட்டில் மாதா படமும் ஜெபமாலையும், அடுத்த வீட்டில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காலண்டர், அதற்கடுத்த வீட்டில் கம்மல்கூடப் போடாத பெந்தெகொஸ்தே அக்கா, கடைசி வீட்டில் சுவரில் சிலுவையே மாட்டாத சகோதரர் சபைக்காரர். இந்த நாலு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே ஜீப்பில் பள்ளிக்கூடம் போகிறார்கள். நீலகிரியில் இறையியல் விவாதம் மும்முரமாக நடக்கிற இடம் அந்த ஜீப்தான் என்பது என் எண்ணம். "நீங்க ஏன் நெத்தியில சாம்பல் பூசிக்கிறீங்க?" "உங்கம்மா ஏன் வளையல் போடுறதில்ல?" எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "பைபிள்ல எங்க போட்டிருக்கு?"

அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், திடப்படுத்தலுக்குத் தயாராகும் பிள்ளைகள், பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போய்க்கொண்டே இருந்தாலும் இதை ஒருதரம்கூட யோசிக்காதவர்கள், எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ.க்காரன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் நீங்கள் கொஞ்சம் உஷாராகப் படிப்பீர்கள், அது நல்லதுதான்.

சின்னதாக ஒரு சோதனை. இயேசு பிறந்தபோது பார்க்க வந்த ஞானிகள் எத்தனை பேர்? மூன்று என்று உடனே சொல்வீர்கள். மத்தேயு 2-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்தார்கள் என்று இருக்கும், எத்தனை பேர் என்று இருக்காது. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கைகள் சொல்லப்படுவதால் ஆட்களும் மூன்று பேராகிவிட்டார்கள். அவர்களை ராஜாக்கள் என்றும் அங்கே சொல்லவில்லை. அவர்கள் மாட்டுத்தொழுவத்துக்கும் வரவில்லை, 11-ம் வசனம் வீட்டுக்குள் போனார்கள் என்கிறது. டிசம்பர் 25 என்ற தேதி நான்கு சுவிசேஷங்களில் எதிலும் இல்லை. ஆனால் நம் குடிலில் மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தோடு மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், மேலே பஞ்சை வேறு பனியாகத் தூவி வைத்திருக்கிறோம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. குடிலைப் பிரிக்கச் சொல்லி நான் வரவில்லை. வேதத்தில் எழுதியிருப்பதும் அதைச் சுற்றி நாம் வளர்த்துக்கொண்டதும் நம் தலைக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது, எது எது என்று நமக்கே தெரிவதில்லை, அதைக் காட்டத்தான் இந்தச் சோதனை. குடில் விஷயத்தில் இந்தக் கலப்பு விளையாட்டாகப் போய்விடும். வேறு சில விஷயங்களில் அப்படிப் போவதில்லை.

இயேசுவே இதைப் பற்றி நேரடியாகப் பேசிய இடம் மாற்கு 7-ம் அதிகாரம். மத்தேயு 15-லும் அதே சம்பவம் இருக்கிறது. சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று பரிசேயர் குறை சொல்கிறார்கள். நம் அம்மாக்கள் சொல்கிற கை கழுவல் இல்லை இது, அழுக்கும் கிருமியும் அங்கே பேச்சே இல்லை. ஆசாரியர்கள் ஆசரிப்புக் கூடாரத்துக்குள் போகும் முன் கைகால் கழுவ வேண்டும் என்று யாத்திராகமம் 30-ல் ஒரு கட்டளை உண்டு. ஆசாரியருக்கு இருந்த அந்தச் சுத்தம் எல்லா ஜனங்களுக்கும் வேண்டும், ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு மேஜையும் பலிபீடம் மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசையில் பெரியவர்கள் வளர்த்த முறைதான் அந்தக் கை கழுவல். அதாவது கெட்ட எண்ணத்தில் பிறந்தது இல்லை. பரிசேயர் என்றாலே வில்லன் என்று ஞாயிறு பள்ளியில் படித்துவிடுகிறோம், ஆனால் அன்றைக்கு வேதத்தை அவ்வளவு கவனமாகப் படித்தவர்கள், அதன்படி நடக்க அவ்வளவு மெனக்கெட்டவர்கள் அவர்கள்தான். அதனால்தான் இந்தப் பகுதி நமக்கு இன்னும் ஆபத்தானது. பக்தி இல்லாதவர்களுக்கு வருகிற வியாதி இல்லை இது.

இயேசு பதில் சொல்லும்போது கை கழுவலைப் பற்றி வாதாடவே இல்லை. நேராகக் காசு விஷயத்துக்குப் போகிறார். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு" என்பது தேவன் கொடுத்த கட்டளை. ஆனால் ஒருவன் தன் பணத்தையோ பொருளையோ 'கொர்பான்', அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் அதிலிருந்து அப்பா அம்மாவுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு முறை இருந்தது. கேட்பதற்கு எவ்வளவு பரிசுத்தமாக இருக்கிறது பாருங்கள், தேவனுக்குக் கொடுத்ததை மனுஷனுக்கு எப்படித் திருப்பித் தருவது! அதைத்தான் இயேசு, "உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்" என்று சொன்னார்.

இதை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் முப்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றுவிட்டார்கள், வேலை போனதும் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகன் திருப்பூரில் நன்றாகச் சம்பாதிக்கிறான். மாதாமாதம் ஏதோ ஓர் ஊழியத்துக்குப் பங்காளர் காணிக்கை தவறாமல் போகிறது, வீட்டு வாடகைக்கு மட்டும் "ஜெபிக்கிறேன்ம்மா" என்று பதில் வருகிறது. இவனைச் சபையில் யாரும் கண்டிக்க மாட்டார்கள், ஆண்டு விழாவில் சால்வைகூடப் போடுவார்கள். இது கொர்பான். அந்தப் பேரை மட்டும் நாம் விட்டுவிட்டோம், பழக்கத்தை விடவில்லை.

மாற்கு 7-லிருந்து புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: ஒரு வழக்கம் பைபிளில் எழுதப்படவில்லை என்பதற்காக இயேசு அதைக் கண்டிக்கவில்லை. அது தேவனுடைய கட்டளைக்கு மேலே ஏறி உட்கார்ந்து, கட்டளையைச் செய்யாமல் தப்பிக்க வழி பண்ணிக் கொடுத்தது என்பதற்காகக் கண்டித்தார். இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால், பைபிளில் கிடார் இருக்கிறதா, மைக் இருக்கிறதா, நாற்காலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஆயுசு போய்விடும்.

பழைய ஏற்பாட்டில் இதற்கு இன்னும் கூர்மையான ஒரு சம்பவம் இருக்கிறது, ஆனால் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடியாது. வனாந்தரத்தில் பாம்புக்கடியில் ஜனங்கள் செத்தபோது வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்து கம்பத்தில் வைக்கும்படி தேவனே மோசேயிடம் சொன்னார் (எண்ணாகமம் 21). பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூறு வருஷம் கழித்து எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4), ஏனென்றால் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், அது தேவன் சொல்லி மோசே கையால் செய்த பொருள், அதைவிடப் பழைமையும் பெருமையும் உள்ள ஒரு நினைவுச்சின்னம் இஸ்ரவேலில் இருந்திருக்குமா? ராஜா அதற்கு வைத்த பேர் நிகுஸ்தான், வெறும் வெண்கலத்துண்டு என்கிற மாதிரி. எவ்வளவு பழையது, யார் கொடுத்தது என்பதெல்லாம் ஒரு வழக்கத்துக்குச் சாட்சியாகாது என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

சரி, அப்படியென்றால் பாரம்பரியம் எல்லாமே கெட்டதா? இல்லவே இல்லை. இயேசு ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனது தம்முடைய வழக்கத்தின்படி என்று லூக்கா 4:16 சொல்கிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, வார்த்தையாலும் நிருபத்தாலும் தான் உபதேசித்த முறைமைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் (2 தெசலோனிக்கேயர் 2:15). கத்தோலிக்க நண்பர்கள் இந்த வசனத்தை நமக்கு நினைவுபடுத்தும்போது முகத்தைச் சுளிக்கக் கூடாது, அது நம் பைபிளிலும்தான் இருக்கிறது.

குருத்தோலை ஞாயிறையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இந்தக் குளிரில் தென்னை வளராது, ஓலை கீழே இருந்துதான் வண்டியேறி வர வேண்டும். எருசலேமில் ஜனங்கள் குருத்தோலைகளைப் பிடித்துக்கொண்டு போனது யோவான் 12-ல் இருக்கிறது, மத்தேயு மரக்கிளைகள் என்கிறார். வருஷாவருஷம் நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்று எங்கேயும் கட்டளை இல்லை. தென்னையும் பேரீச்சையும் இல்லாத ரஷ்யா, போலந்து மாதிரி குளிர் நாடுகளில் வில்லோ மரக் கிளையைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அதுவும் தேவனுக்கு ஏற்றதுதான். பிள்ளைகள் "ஓசன்னா" என்று கத்திக்கொண்டு மேட்டில் ஏறி வருவது எனக்குப் பிடிக்கும், அதை யாராவது நிறுத்தச் சொன்னால் சண்டைக்கே போவேன். ஆனால் அந்த ஓலையில் முடைந்த சிலுவையை வாசலில் செருகினால் வீட்டுக்குள் செய்வினை வராது என்று ஒருவர் நம்ப ஆரம்பித்தால், அங்கே ஓலை வெண்கலப் பாம்பாகிவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தேயிலையைச் சும்மா விட்டால் அது மரமாகிவிடும், அப்புறம் கொழுந்து கைக்கு எட்டாது. அதனால்தான் சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறோம். கவாத்து வெட்டின தோட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவனுக்கு எல்லாவற்றையும் நாசம் பண்ணிவிட்டார்கள் என்றுதான் தோன்றும், ஆனால் வேரில் யாரும் கை வைப்பதில்லை. சபை வழக்கங்களுக்கு வேதம் செய்ய வேண்டிய வேலை அதுதான். 1517-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 வாதங்களை வெளியிட்டபோது அவர் நினைத்ததும் ஏறக்குறைய அதுவே, புதுச் சபை ஆரம்பிப்பது அவருடைய திட்டத்தில் இல்லை. 1521-ல் வோர்ம்ஸ் நகரத்தில் பேரரசருக்கு முன்னால் நிறுத்தி, எழுதியதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். போப்புகளும் ஆயர்கள் கூடுகிற சபைச் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள், வேதத்தைக் கொண்டோ தெளிவான நியாயத்தைக் கொண்டோ காட்டினால் ஒழிய மாற மாட்டேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். 'வேதம் மட்டுமே' என்ற வாசகம் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

அதற்கு ரோமச் சபையின் பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1546-ல் திரெந்து சங்கம், அப்போஸ்தலர் வழியாக வந்த சத்தியம் எழுதப்பட்ட புத்தகங்களிலும் எழுதப்படாத பாரம்பரியத்திலும் இருக்கிறது, இரண்டையும் ஒரே மதிப்போடு ஏற்கிறோம் என்றது. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதமும் பாரம்பரியமும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன, சபையின் போதிக்கும் அதிகாரம் தேவவார்த்தைக்கு மேலே இல்லை, அதற்குப் பணிவிடை செய்கிறது என்று விளக்கியது. ஆக, கத்தோலிக்கர் வேதத்தை மதிப்பதில்லை என்று ஜீப்பில் சொல்லும் தம்பி தப்பாகச் சொல்கிறான். ஊட்டியில் காந்தல் குருசடிக்குப் போகிற கத்தோலிக்கரிடம் பேசிப் பாருங்கள், பூசையில் வாசித்த சுவிசேஷம் எது என்று கேட்டால் சொல்வார்கள். சரியான வித்தியாசம் இது: இரண்டுக்கும் மோதல் வந்தால் கடைசித் தீர்ப்பு எதனுடையது? வேதத்துடையது, அதைச் சபையும் மீற முடியாது என்கிறோம் நாம். மோதலே வராது, சபைதான் வேதத்தைச் சரியாக விளக்கும் என்கிறார்கள் அவர்கள்.

நம் பக்கத்திலேயும் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. வேதம் தடுக்காத வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் லூத்தர், அதனால் லூத்தரன், ஆங்கிலிகன் வழியில் வந்த கோயில்களில் மெழுகுவர்த்தி, அங்கி, திருநாட்கள் எல்லாம் தங்கின. வேதம் சொல்லாதது ஆராதனையில் வேண்டாம் என்றார்கள் இன்னொரு பக்கத்தினர். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் ஸ்விங்லி என்ற சீர்திருத்தக்காரர் காலத்தில் ஆர்கன் வாசிப்பே நின்றுபோனது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் கோயிலின் வண்ணக் கண்ணாடியையும், சகோதரர் சபைக் கூடத்தின் வெறும் சுண்ணாம்புச் சுவரையும் பார்த்துவிட்டு, இரண்டு பேருமே வேதம்தான் அடிப்படை என்கிறார்களே எப்படி என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27-ல் பல மரபுகள் சேர்ந்து உருவானபோது, விசுவாசத்துக்கு உயர்ந்த, தீர்மானமான அளவுகோல் வேதாகமமே என்று தன் சட்டத்தில் எழுதியது, கூடவே அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களையும் ஏற்றுக்கொண்டது. அது முரண்பாடா? இல்லை. பிரமாணம் வேதத்தின் சுருக்கம், அதுவும் வேதத்துக்குக் கீழ்ப்பட்டது.

இந்தக் கொள்கையால் நம் பக்கம் நடந்த பெரிய விஷயம், ஜனங்கள் கைக்குப் புத்தகம் வந்தது. வேதம்தான் நீதிபதி என்றால் அது ஜனங்களுக்குப் புரிகிற மொழியில் இருந்தாக வேண்டுமே. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாட்டையே அச்சிட்டு முடித்துவிட்டார். இந்த மலையிலும் அதே கதைதான். ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் 1840-களில் வந்து தங்கிய, சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் 1852-ல் லூக்கா சுவிசேஷத்தைப் படுக மொழியில் கொண்டுவந்தார்கள், கோயில் கட்டிடத்தைவிட முதலில் அவர்களுக்கு அவசரமாகப் பட்டது அதுதான் போலிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். பைபிளில் எந்தெந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்ததே சபை தானே, அப்போது பாரம்பரியத்தை நம்பித்தானே பைபிளையே கையில் எடுக்கிறோம்? நல்ல கேள்வி, மழுப்பக் கூடாது. இன்று நம் கையில் இருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே பட்டியலிட்ட பழைய ஆவணம் அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியு 367-ல் எழுதிய ஈஸ்டர் கடிதம். அதற்கு முன்னால் எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் போன்றவற்றைப் பற்றி இழுபறி இருந்தது. பழைய ஏற்பாட்டில் இன்றும் வித்தியாசம் இருக்கிறது, அதனால்தான் முழு பைபிளிலும் நமக்கு மொத்தம் 66 புத்தகம், கத்தோலிக்கருக்கு 73. சீர்திருத்தச் சபைகள் சொல்லும் பதில், சபை அந்தப் புத்தகங்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்த அதிகாரத்தை அடையாளம் கண்டுகொண்டது என்பது. எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருக்கிறது. ஆனால் அடையாளம் கண்ட அந்த முன்னோர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், 'நானும் என் பைபிளும் போதும், 2,000 வருஷம் யார் என்ன சொன்னால் என்ன' என்று பேசுவது அந்தக் கடனை ஏய்ப்பதுதான்.

அப்புறம், எங்களுக்குப் பாரம்பரியமே கிடையாது, பைபிள் மட்டும்தான் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். பாரம்பரியம் இல்லாத சபையை நான் இன்னும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது? யோவான் 17:1-ல் இயேசு கண்களை வானத்துக்கு ஏறெடுத்து ஜெபிக்கிறார். மூன்று பாட்டு, சாட்சி, காணிக்கை, செய்தி, பிறகு மெல்ல கீபோர்டு வாசிக்க முன்னால் வந்து முழங்கால் போடுவது, இந்த வரிசை எந்த நிருபத்தில் இருக்கிறது? எழுதி வைத்த ஜெபப் புத்தகம் இல்லையே தவிர, அடுத்து என்ன வரும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

நகையும் அப்படித்தான். 1 பேதுரு 3:3-ஐக் காட்டித்தான் கம்மலைக் கழற்றச் சொல்கிறார்கள். அந்த வசனத்தை முழுதாக வாசியுங்கள், பொன்னாபரணத்துக்கு முன்னால் மயிரைப் பின்னுவதும் பின்னால் உயர்ந்த வஸ்திரமும் அதே வரிசையில் இருக்கின்றன. கம்மலைக் கழற்றிய அக்கா நீளமாகப் பின்னல் போட்டுக்கொண்டு வெள்ளைப் பட்டில் வருகிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உன் அலங்காரம் வெளியே இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே என்றுதான் பேதுரு சொல்கிறார். நகை போடாமல் இருப்பது அந்த அக்காவின் சுதந்திரம், அதில் எளிமையும் இருக்கலாம், எனக்கு மரியாதைதான். ஆனால் கம்மல் போட்ட பெண்ணுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று சட்டம் போடுகிற இடத்தில் மாற்கு 7 தொடங்கிவிடுகிறது.

வசனம் காட்டிவிட்டால் போதும், அது வேதத்தின்மேல் நிற்கிறது என்று ஆகிவிடாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 4-ல் பிசாசும் 91-ம் சங்கீதத்தை எடுத்துக் காட்டி, கீழே குதி என்றான். இயேசு இன்னொரு வசனத்தைக் கொண்டு பதில் சொன்னார், ஒரு வசனத்தை மற்ற வசனங்களோடு சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. டிசம்பர் 31 ராத்திரி, ஸ்வெட்டரும் குல்லாயுமாக நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்று, புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்தால் சந்தோஷம், உங்களைப் பற்றித் தேவன் வைத்திருக்கிறவை சமாதானத்துக்கான நினைவுகள் என்று. அதற்கு முந்தைய 10-ம் வசனம் எந்த அட்டையிலும் வராது: பாபிலோனில் எழுபது வருஷம் ஆன பிறகுதான் திரும்பக் கொண்டுவருவேன் என்று அதில் இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், அதைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் அந்தத் திரும்புதலைப் பார்க்காமலே செத்துப்போயிருப்பார்கள். அட்டை எடுங்கள், தப்பில்லை. வீட்டுக்குப் போய் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

பாதி வேதம், பாதி வழக்கமாக இருப்பவைதான் ரொம்பச் சிக்கலானவை. மாதவிடாய் நாட்களில் திருவிருந்துக்குப் போகக் கூடாது என்று சில வீடுகளில் பெண்பிள்ளைகளை உட்கார வைத்துவிடுகிறார்கள். கேட்டால் லேவியராகமம் 15 என்பார்கள். அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அதே அதிகாரம் ஆண்களுக்கும் தீட்டு சொல்கிறது, அதை எந்த வீட்டிலும் யாரும் கடைப்பிடிப்பதில்லை, இதிலேயே இது வேதத்திலிருந்து வந்ததா ஊர் வழக்கத்திலிருந்து வந்து வேதத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டதா என்பது தெரிந்துவிடும். மாற்கு 5-ல் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்குள்ள பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். லேவியராகமப்படி பார்த்தால் அவள் தொட்டதும் தீட்டு. அவர் அவளை எல்லார் முன்னாலும் "மகளே" என்று கூப்பிட்டு, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று அனுப்புகிறார். அவர் வஸ்திரத்தையே தொட்டவளை அவர் தள்ளவில்லை என்றால், அவருடைய பந்தியிலிருந்து இந்தப் பிள்ளையை எழுப்பி அனுப்ப நாம் யார்?

இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேர் விட்ட பாரம்பரியம் ஜாதி. இதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் எழுதுவது பித்தலாட்டம். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் நடுவில் தனி இருக்கை, தனிக் கல்லறைத் தோட்டம் என்றெல்லாம் இருந்ததும், சில இடங்களில் இன்னும் இருப்பதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளுக்குள் ஜாதி வித்தியாசம் உறுதியாக, உடனடியாக, முடிவாக விடப்பட வேண்டும் என்று கடிதம் எழுதினார், அதை ஏற்காமல் சபையை விட்டே போனவர்கள் உண்டு. கிறிஸ்துவைவிட இருக்கை பெரிதாகத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு. யாக்கோபு 2-ம் அதிகாரம் இருக்கையைப் பற்றியே பேசுகிறது: மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தை உடுத்தவனை அங்கே நில், இல்லையென்றால் என் காலடியில் உட்கார் என்று சொன்னால் நீங்கள் தகாத சிந்தனையோடு தீர்ப்புச் செய்கிறவர்கள் என்கிறது. கலாத்தியர் 3:28 அதைவிடத் தெளிவு: யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற வித்தியாசம் இல்லை, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று. சாம்பல் புதனுக்கு வசனம் கேட்கிற நாம், மாப்பிள்ளை விளம்பரத்தில் ஜாதிப் பெயர் போட்டுவிட்டு 'ஆவிக்குரிய குடும்பம்' என்று கீழே எழுதும்போது வசனம் கேட்டுக்கொள்வதில்லை. வரதட்சணைக்கும் இதே கதைதான். அதற்கு 'பரிசுத்த விவாகம்' என்று அட்டை அடிக்கிறோம்.

என்னைக் கேட்டால், வேதம்தான் அடிப்படை என்பதை மெழுகுவர்த்தியில் ஆரம்பித்து மெழுகுவர்த்தியிலேயே முடித்துக்கொள்கிறவர்கள் அந்தக் கொள்கையைத் தொடவே இல்லை. நமக்குச் செலவு வைக்கிற இடத்தில் அதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? பெரோயா பட்டணத்தார் செய்தது மாதிரி. அப்போஸ்தலர் 17:11-ல் பவுலே நேரில் வந்து பிரசங்கித்தபோதும் அவர்கள் மனோவாஞ்சையாய்க் கேட்டார்கள், கேட்டுவிட்டு, காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினமும் வேதத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா அவர்களைச் சந்தேகப் பிராணிகள் என்று திட்டவில்லை, நற்குணசாலிகள் என்கிறார். (போய்ப் பார்த்துச் சோதிப்பதில் நம் மலைக்கே ஒரு பழைய கதை உண்டு. நீலகிரி மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் மறந்துபோய்க் கிடக்கிறார்கள் என்று மலபார் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. 1603-ல் ஃபெனிசியோ என்ற இயேசு சபைக் குரு மலையேறி வந்து தோடர்களைச் சந்தித்துப் பார்த்தார், அப்படி யாரும் இல்லை. பேச்சு பேச்சாகவே இருந்திருக்கிறது.) பவுலையே சோதித்தார்கள் என்றால் "கர்த்தர் ராத்திரி என்னோடு பேசினார்" என்று மைக்கில் சொல்கிறவரைச் சோதிப்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே, ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்று பவுலே 1 தெசலோனிக்கேயர் 5-ல் சேர்த்தே சொல்கிறார். வியாதிக்காரனுக்கு மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு 5:14-ல் இருக்கிறது. அதே எண்ணெயை பாட்டிலில் அடைத்து விலை போட்டு விற்பது எந்த நிருபத்திலும் இல்லை.

கேட்கும்போது தொனி முக்கியம். பாட்டியிடம் போய் "இது பைபிள்ல இல்ல, நீங்க இத்தனை வருஷம் பண்ணுனது வீண்" என்று சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் வேதத்தைப் பிடித்துக்கொண்டதாக ஆகாது, வாயை அடக்கத் தெரியவில்லை என்றுதான் ஆகும். ரோமர் 14 இதற்கென்றே எழுதியது மாதிரி இருக்கும்: ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் பாட்டி கறி சாப்பிடாவிட்டால் விடுங்கள், தேவனுக்காகத்தான் சாப்பிடாமல் இருக்கிறாள். அதை வைத்து உங்களை இரட்சிக்கப்படாதவன் என்று யாராவது சொன்னால் மட்டும், கிரியையால் அல்ல விசுவாசத்தால்தான் நீதிமானாகிறோம் என்கிற கலாத்தியரைத் திறங்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்களே அதிகம், அதனால் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம்தான், மழை பெய்கிற ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். அப்புறம் கலாத்தியர், 6 அதிகாரம். பிறகு யாக்கோபு, 5 அதிகாரம். தனியாக வாசித்தால் சந்தேகம் தங்கிவிடும், லைனில் அந்த நாலு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு வாசியுங்கள், கத்தோலிக்கர் அவர்களுடைய பைபிளைக் கொண்டு வரட்டும், யார் சொல்வது சரி என்று முதல் வாரமே முடிவுகட்ட வேண்டாம். யாக்கோபு 2-க்கு வரும்போது சபைக் கமிட்டியில் இருக்கிற மாமா யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, முதல் நாலு வசனத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.